ஒரே கம்பி, இரண்டு மரங்கள்

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சென்ற தணிக்கைக் குழுவின் ஆட்சேபணைக் குறிப்புகளுள் பதினேழாவது, கணினி மையத்தைப் பற்றியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு ஃபைபர் கம்பிகள் இழுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றில் மட்டுமே தரவு ஓடுகிறது. மற்றொன்று எதையும் சுமக்காமல் கிடக்கிறது. பயன்படாத கம்பிக்குப் பொதுப்பணம் செலவிடப்பட்டதற்கு உரிய விளக்கம் தரப்பட வேண்டும் என்பது அதன் சாரம். கோப்பு பதிவாளர் அலுவலகத்திலிருந்து கணினி மைய இயக்குநரிடம் சென்றது. அவரிடமிருந்து உதவிப் பொறியாளரிடம் சென்றது. இறுதியில், வலையமைப்பைப் பராமரித்துவந்த ஓர் ஒப்பந்த ஊழியரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. விளக்கம் எழுதக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதில் கையொப்பமிடும் தகுதி மட்டும் அவருக்கு இல்லை.

தெலங்கானாவின் ஒரு சிற்றூரிலிருந்து பாலிடெக்னிக் டிப்ளமோவுடன் வந்தவர் அவர். ஆய்வு மாணவர்கள் தெலுங்கு வழக்கப்படி அவரை ‘அன்னா’ என்றே அழைத்தனர். விடுதியில் இணையம் நின்றுபோனால் நள்ளிரவிலும் அவருடைய கைப்பேசி ஒலிக்கும். இணையம் ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் அவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

ஒரு கம்பி ஏன் வெறுமையாகக் கிடக்க வேண்டும் என்பதைத் தணிக்கையாளருக்கு விளக்குவது எளிதன்று. இணையத்தில் நெடுந்தூரம் செல்லும் ஐ.பி. பொட்டலம் ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரௌட்டரைக் கடக்கும்போதும் அந்த எண் ஒன்று குறையும். சுழியத்தை எட்டினால் பொட்டலம் அழிக்கப்படும். வழி தவறிய பொட்டலத்துக்கும் ஓர் ஆயுள் எல்லை உண்டு. வளாகத்துக்குள் ஸ்விட்சிலிருந்து ஸ்விட்சுக்குச் செல்லும் ஈதர்நெட் சட்டகத்துக்கோ அத்தகைய எண் எதுவும் இல்லை. எல்லோருக்குமான அறிவிப்பாக வரும் சட்டகத்தை ஒரு ஸ்விட்ச், அது வந்த வழியைத் தவிர மற்ற எல்லா வழிகளிலும் படியெடுத்து அனுப்பும். வழிகள் எங்காவது வட்டமாக மூடிக்கொண்டால், அந்தப் படிகள் சுற்றிவந்து மீண்டும் படியெடுக்கப்படும். அவற்றை நிறுத்த எவரும் இல்லை. சில நொடிகளில் கம்பிகள் முழுவதும் ஒரே அறிவிப்பின் பிரதிகளால் நிரம்பிவிடும். மற்ற எதற்கும் இடம் இராது.

ஒரே ஒரு கம்பி போட்டால் வட்டம் உண்டாகாது. ஆனால் அதை ஓர் எலி கடித்தாலோ, சாலை தோண்டும் இயந்திரம் அறுத்தாலோ கட்டடம் முழுவதும் துண்டிக்கப்படும். ஆகவே இரண்டாவது கம்பி இருந்தாக வேண்டும். முதல் கம்பி உயிரோடு இருக்கும்வரை அது தரவைச் சுமக்கவும் கூடாது. இந்த முரணைத் தீர்த்தவர் ரேடியா பெர்ல்மன். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1985இல், அவர் ஸ்பானிங் ட்ரீ என்னும் நெறிமுறையை வகுத்தார். ஜாய்ஸ் கில்மரின் ‘ட்ரீஸ்’ கவிதையை அடியொற்றி, ‘அல்கோரைம்’ என்ற தலைப்பில் தம் நெறிமுறையைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார். ஒரு கணினி நெறிமுறை தன் ஆசிரியராலேயே கவிதையாக்கப்பட்ட அரிய நிகழ்வு அது.

நெறிமுறை சொல்வது இவ்வளவுதான். எல்லா ஸ்விட்சுகளுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எண் மிகச் சிறியதாக உள்ள ஸ்விட்ச் வேராகும். மற்ற ஒவ்வொன்றும் வேரை அடையும் மலிவான வழியைக் கண்டுகொள்ளும். எஞ்சிய வழிகள் தரவுக்கு மூடப்படும். ஆயினும் மூடிய வழியிலும் இரண்டு நொடிகளுக்கு ஒரு முறை வரும் சிறு செய்தியை ஸ்விட்ச் செவிமடுத்துக்கொண்டே இருக்கும். திறந்த வழி அறுந்தால் மூடிய வழி திறக்கும். 1990இல் இது ஐ.இ.இ.இ. 802.1டி என்னும் தரமாயிற்று. அந்தப் பழைய வடிவில் வழி மாற்றத்துக்கு 30 முதல் 50 நொடிகள் ஆயின. 2001இல் வந்த விரைவு வடிவம் நல்ல நிலைமைகளில் அதை ஒரு நொடிக்கும் குறைவாக்கியது.

வேர் எது என்பதை மனிதர் தீர்மானிக்காவிட்டால் எந்திரங்கள் தீர்மானிக்கும் என்பதை அந்தப் பல்கலைக்கழகம் தணிக்கைக்கு முந்தைய ஆண்டில் கற்றது. இடிமழை இரவொன்றில் பெண்கள் விடுதியின் ஸ்விட்ச் எரிந்துபோயிற்று. கிடங்கிலிருந்து ஒரு பழைய ஸ்விட்சை எடுத்துவந்து யாரோ பொருத்தினர். அடையாள எண்ணின் முற்பகுதி முன்னுரிமை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது எல்லா ஸ்விட்சுகளிலும் 32768தான். அதை எவரும் மாற்றியிருக்கவில்லை. முன்னுரிமை சமமானால் கருவியின் மேக் முகவரியே முடிவு செய்யும். ஒரே தயாரிப்பாளரின் கருவிகளில் பழையவற்றுக்குப் பெரும்பாலும் சிறிய முகவரியே அமைந்திருக்கும். ஆக, கிடங்கில் தூசி படிந்து கிடந்த அந்த ஸ்விட்ச் வளாகம் முழுவதற்கும் வேராயிற்று. கணினி மையத்திலும் நூலகத்திலும் இருந்த இரு பெரிய மைய ஸ்விட்சுகளை இணைத்த பத்து ஜிகாபிட் வழி மூடிக்கொண்டது. அவ்விரண்டுக்கும் இடையிலான போக்குவரத்து அனைத்தும் விடுதியின் படிக்கட்டு அடியில் இருந்த ஒரு ஜிகாபிட் கருவி வழியே சுற்றிச் சென்றது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அறிவியல் கட்டடத்தில் ஓர் ஆய்வு மாணவியின் வாய்மொழித் தேர்வு. வெளிநாட்டுத் தேர்வாளர் காணொளியில் இணைந்திருந்தார். முதல் வினாவே பாதியில் உறைந்தது. முக்கால் மணி நேரம் போராடிய பின் தேர்வு ஒத்திவைக்கப்பட்டது. தேர்வாளருக்கு அடுத்து நேரம் கிடைக்க ஏழு வாரங்கள் ஆயின. மாணவியின் ஆய்வு உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிவடைந்தது. பட்டச் சான்று கேட்ட ஒரு கல்லூரிப் பணியும் வேறொருவருக்குச் சென்றது. கோளாறு எங்கிருந்து வந்தது என்பதை அன்னா அன்று மாலையே கண்டுபிடித்தார். கணினி மையத்து ஸ்விட்சுக்கு 4096, நூலகத்து ஸ்விட்சுக்கு 8192 என்று முன்னுரிமை எழுதினார். இனிமேல் கிடங்கிலிருந்து எதைப் பொருத்தினாலும் வேர் மாறாது. இரண்டு வரிகளில் முடிந்த வேலை அது. அந்த இரண்டு வரிகளை ஓராண்டுக்கு முன்பே எழுதியிருக்கலாம் என்பதை அவர் மறக்கவில்லை.

இந்தத் திருத்தத்தின் விளைவுதான் தணிக்கையாளர் கண்ட காட்சி. வேர் கணினி மையத்தில் நிலைத்தபோது, 26 கட்டடங்களிலும் கணினி மையத்துக்குச் செல்லும் கம்பி திறந்தது. நூலகத்துக்குச் செல்லும் கம்பி மூடியது. மாணவர்களின் வைஃபை, விடுதிக் கணினிகள், கண்காணிப்புக் காமிராக்கள், அலுவலகம், தேர்வுப் பிரிவு, தொலைபேசி ஆகிய ஆறும் ஒரே கம்பியில் நெருக்கியடித்தன. இவை ஆறும் ஆறு வி-லேன்கள். அதாவது, ஒரே ஸ்விட்சுகளின் மேல் எண்களால் பிரிக்கப்பட்ட ஆறு தனித்தனி வலையமைப்புகள். வி-லேன் பிரிவினை ஒன்றின் பேச்சு மற்றொன்றின் காதில் விழாமல் தடுக்கும். பாதையை மட்டும் அது பிரித்துத் தராது. இரவு ஒன்பது மணிக்கு மாணவர்கள் திரைப்படம் பார்க்கத் தொடங்கும்போது துணைப் பதிவாளரின் தொலைபேசியில் குரல் நடுங்கும். அதே நேரம் பக்கத்திலிருந்த கம்பி வெறுமையாகக் கிடக்கும். தணிக்கையாளர் தவறாகக் கேட்டுவிடவில்லை.

விளக்கக் குறிப்பில் அன்னா முதலில் ஒரு மருத்துவமனையைப் பற்றி எழுதினார். 2002 நவம்பர் 13 அன்று, பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தின் வலையமைப்பு நிலைகுலைந்தது. ஓர் ஆய்வாளரின் மென்பொருள் பெருமளவு தரவைக் கொட்டிய நேரத்தில், ஸ்பானிங் ட்ரீ தன் கணக்கில் தடுமாறிச் சுழல்கள் உண்டாயின. பழைய நெறிமுறையின் இயல்பான கால அளவுகள், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏழு ஸ்விட்சுகளுக்கு மேல் இராது என்ற கணக்கில் அமைந்தவை. ஆண்டுக்கணக்காகத் துண்டுதுண்டாக வளர்ந்த அந்த வலையமைப்பு அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. நாட்கணக்கில் மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினர். மருந்துச் சீட்டுகளும் சோதனை முடிவுகளும் கைமாறிக் கைமாறிச் சென்றன. அதன் தலைமைத் தகவல் அதிகாரி ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் பிற மருத்துவமனைகளும் அறியுமாறு வெளியிட்டார். மூடிய கம்பி வீண் அன்று, அதைக் கவனமின்றித் திறந்தால் நிகழ்வது இதுவே என்பது அன்னா சொல்ல வந்தது. பிறகு அவர் இரண்டாவது பத்தி ஒன்றைச் சேர்த்தார். கம்பியை மூடாமலே சுழலைத் தவிர்க்க முடியும். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. ஓர் இரவு வேலை நிறுத்தம் மட்டும் வேண்டும்.

அவர் குறிப்பிட்டது மல்டிப்பிள் ஸ்பானிங் ட்ரீ. வி-லேன் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மரம் என்ற ஏற்பாட்டை சிஸ்கோ நிறுவனம் முன்பே தன் கருவிகளில் வைத்திருந்தது. அதில் ஆறு வி-லேன்களுக்கு ஆறு மரங்கள். ஆனால் வி-லேன் எண்கள் 4094 வரை செல்லக்கூடியவை. நூற்றுக்கணக்கான மரங்களுக்குத் தனித்தனியே இரண்டு நொடிக்கு ஒரு செய்தி என்றால் சிறிய ஸ்விட்சின் செயலி திணறும். தவிர, அந்த வளாகத்தில் மூன்று நிறுவனங்களின் ஸ்விட்சுகள் கலந்திருந்தன. 2002இல் 802.1எஸ் என்ற பெயரில் வந்து, பின்னர் வி-லேன் தரத்தோடு சேர்க்கப்பட்ட பொதுத் தரம் வேறு வகையாகச் சிந்தித்தது. வி-லேன்கள் எத்தனை இருந்தாலும், அவை செல்லத்தக்க வேறுபட்ட பாதைகள் சிலவே. பாதைகள் எத்தனையோ அத்தனை மரங்கள் போதும். ஒவ்வொரு வி-லேனையும் ஏதாவது ஒரு மரத்தில் சேர்த்துவிடலாம். எல்லா மரங்களின் செய்தியும் ஒரே சிறு பொட்டலத்தில் சென்றுவிடும்.

மொழியியல் மாணவர்களுக்கு இது புதிய காட்சியன்று. ‘பழைய மாணவர் விடுதி’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். ‘பழைய’ என்பது ‘மாணவர்’ என்பதோடு முதலில் சேர்ந்தால், அது படித்துமுடித்துச் சென்றவர்களுக்கான விடுதி. ‘மாணவர் விடுதி’ முதலில் சேர்ந்தால், அது சுவரில் விரிசல் விட்ட விடுதி. சொற்கள் அவையே, அவற்றின் வரிசையும் அதுவே, மேலே நிற்கும் மரங்கள் மட்டும் இரண்டு. கம்பிகளும் அப்படித்தான். முதல் மரத்தில் வேர் கணினி மையம். அலுவலகம், தேர்வுப் பிரிவு, தொலைபேசி ஆகியவை அதில் செல்லும். இரண்டாம் மரத்தில் வேர் நூலகம். வைஃபையும் விடுதியும் காமிராவும் அதில் செல்லும். முதல் மரத்துக்கு மூடிய கம்பி இரண்டாம் மரத்துக்குத் திறந்திருக்கும். எந்த மரத்திலும் சுழல் இல்லை. எந்தக் கம்பியும் வெறுமையாக இல்லை. ஒரு கம்பி அறுந்தால் இரண்டு மரங்களும் எஞ்சிய கம்பியில் ஏறிக்கொள்ளும். சற்று நெரிசல் கூடும், துண்டிப்பு இராது.

இரட்டைப் பொருள் தொடரில் பேசுபவரும் கேட்பவரும் ஒரே மரத்தை மனத்தில் கொள்ளாவிட்டால் பேச்சு தடம் மாறும். ஸ்விட்சுகளின் நிலை இதைவிடக் கடுமையானது. ஒரே மண்டலத்தைச் சேர்ந்தவை என்று ஒன்றையொன்று அவை ஏற்க மூன்று பொருத்தங்கள் வேண்டும்: மண்டலத்தின் பெயர், திருத்த எண், எந்த வி-லேன் எந்த மரத்தில் என்னும் அட்டவணை. பெயரில் ஓர் எழுத்து பெரியதாகவோ சிறியதாகவோ மாறினாலும் அது வேறு பெயர். 4094 வரிகள் கொண்ட அட்டவணையை அவை பரிமாறிக்கொள்வதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட 16 பைட் சுருக்கக் குறியையே அனுப்புகின்றன. குறி ஒன்றாக இருந்தால் அட்டவணையும் ஒன்று. குறி வேறுபட்டால் பக்கத்து ஸ்விட்ச் அயல் மண்டலத்தது. எந்த வரியில் வேறுபாடு என்பதைக் குறி சொல்லாது.

ஆறு மாதங்கள் கழித்து, தசரா விடுமுறையின் நடுவே ஓர் இரவு, அனுமதி வந்தது. பதினொரு மணிக்குத் தொடங்கி அதிகாலை நான்கு வரை 26 ஸ்விட்சுகளிலும் இரு மைய ஸ்விட்சுகளிலும் அட்டவணையை அவர் தட்டச்சு செய்தார். அலுவலக வகை வி-லேன்களுக்கு 110, 120, 130. மாணவர் வகைக்கு 210, 220, 230. மரத்தின் வேர் நூலகத்துக்கு மாறிய வி-லேன்களுக்குக் கேட்வேயையும் நூலகத்து ஸ்விட்சுக்கு மாற்றினார். இல்லாவிட்டால் தரவு நூலகம்வரை சென்று, வாயிலைத் தேடிக் கணினி மையத்துக்கு வந்து, மீண்டும் நூலகம் வழியே திரும்ப நேரும். விடிந்தபோது எல்லாம் ஓடின. எவரும் எதையும் கவனிக்கவில்லை. அந்தத் தொழிலில் அதுவே பாராட்டு.

இரண்டு வாரங்களுக்குப் பின், வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அறிவியல் கட்டடத்தின் நூலகக் கம்பியில் கோடு தரையோடு தரையாகக் கிடப்பதைக் கண்டார். மற்ற 25 கட்டடங்களில் இரு கம்பிகளும் ஓடின. இங்கே ஒன்று மட்டுமே ஓடியது. புகார் எதுவும் வரவில்லை. நெறிமுறையின் நல்லியல்பும் தொல்லையும் அதுவே. உடன்பாடு கலைந்தால் அது வலையமைப்பைக் கவிழ்ப்பதில்லை. உடன்படாத ஸ்விட்சைத் தனி மண்டலமாக ஒதுக்கிவைத்து, அதனோடு எல்லோருக்கும் பொதுவான ஒற்றை மரத்தின் மொழியில் மட்டும் உறவாடும். ஒற்றை மரம் என்றால் ஒரு கம்பி திறப்பு, மற்றது எல்லா வி-லேன்களுக்கும் மூடல். பெயர் சரி, திருத்த எண் சரி, சுருக்கக் குறி மட்டும் வேறு. அட்டவணையை வரி வரியாக ஒப்பிட்டார். காலை மூன்றரை மணிக்குத் தட்டச்சு செய்த அந்த ஒரு ஸ்விட்சில் 230 விடுபட்டிருந்தது. ஒத்திவைக்கப்பட்ட வாய்மொழித் தேர்வு நடந்த அதே கட்டடம் அது.

அதைவிடப் பெரிய பாடம் அடுத்த பருவத்தில் வந்தது. விரல் ரேகை வருகைப் பதிவுக் கருவிகளுக்குப் புதிய வி-லேன் ஒன்று உடனே வேண்டும் என்று பதிவாளர் அலுவலகம் ஆணையிட்டது. புதிய எண் 240. அட்டவணையில் அதைச் சேர்த்தால் சுருக்கக் குறி மாறும். எல்லா ஸ்விட்சுகளிலும் ஒரே நொடியில் மாற்றவோ வழியில்லை. ஒவ்வொரு ஸ்விட்சாக மாற்றியபோது, மாறியதும் மாறாததும் ஒன்றையொன்று அயலாகக் கருதின. மரங்கள் மீண்டும் மீண்டும் கணக்கிடப்பட்டன. வேலை நாளின் முற்பகல் முழுவதும் தொலைபேசிப் பேச்சுகள் இடையிடையே அறுந்தன. துணைவேந்தரின் அழைப்பும் அறுந்தது. அன்னாவுக்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்கும் குறிப்பாணை வந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் அவர் அட்டவணையைக் கடைசி முறையாகத் திருத்தினார். பயன்பாட்டில் இருந்த ஏழு எண்களை மட்டும் எழுதுவதை விட்டு, எல்லா எண்களையும் எழுதினார். ஒற்றைப்படை நூறுகள் முதல் மரத்துக்கு; இரட்டைப்படை நூறுகள் இரண்டாம் மரத்துக்கு. 100 முதல் 199 வரை முதல் மரம், 200 முதல் 299 வரை இரண்டாம் மரம் என்று 4094 வரை சென்றது பட்டியல். அவற்றுள் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட எண்களுக்கு அப்போது எந்த வலையமைப்பும் இல்லை. இல்லாத வி-லேனையும் அட்டவணையில் சேர்க்க அந்த ஸ்விட்சுகள் அனுமதித்தன. எதிர்காலத்தில் எவர் எந்த எண்ணைத் தொடங்கினாலும் அதற்கான இடம் முன்பே குறிக்கப்பட்டிருக்கும், அட்டவணை மாறாது, குறி மாறாது. இம்முறை தட்டச்சு செய்யவில்லை. ஒரு கோப்பில் எழுதி, அதையே எல்லா ஸ்விட்சுகளிலும் ஒட்டினார். பிறகு 28 சுருக்கக் குறிகளையும் ஒரு குறிப்பேட்டில் கையால் எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒப்பிட்டார். எல்லாம் ஒன்றாக இருந்தன.

பதினேழாவது குறிப்புக்கான இறுதி விடை அதற்குப் பின்னர்தான் சென்றது: இரு கம்பிகளும் தற்போது பயன்பாட்டில் உள்ளன. இயக்குநர் கையொப்பமிட்டார். ஆட்சேபணை தீர்ந்ததாகக் கோப்பு மூடப்பட்டது. மறு ஆண்டு ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த தொகை கேட்ட வேறொரு முகமை தேர்வாயிற்று. பழைய முகமையின் ஊழியர்கள் மார்ச் 31ஆம் நாள் அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்தனர். வலையமைப்பில் புகார்கள் குறைந்துவிட்டதால் ஒருவரைத் தனியே தக்கவைக்கத் தேவையில்லை என்பது அலுவலகத்தின் கருத்து. ஒன்பது ஆண்டுகள் அந்த வளாகத்தில் இருந்தவர், குறிப்பேட்டை ஸ்விட்ச் அலமாரியின் கதவுக்கு உட்புறம் கயிறு கட்டித் தொங்கவிட்டுச் சென்றார்.

மொழியியல் துறைக்குப் புதிய ஒலியியல் ஆய்வகம் வந்தபோது, அதற்கென ஒரு வி-லேன் கேட்கப்பட்டது. புதிதாக வந்திருந்த இளைஞர் 410 என்ற எண்ணைத் தேர்ந்தார். துறைக் கட்டடத்து ஸ்விட்சிலும் இரு மைய ஸ்விட்சுகளிலும் மட்டும் அதைத் தொடங்கினார். பத்து நிமிட வேலை. எந்தத் தொலைபேசியும் அறுபடவில்லை; ஆய்வகத்தின் ஒலிப்பதிவுகள் நூலகக் கம்பி வழியே செல்லத் தொடங்கின. நானூறுகளை இரண்டாம் மரத்துக்கு ஒதுக்கியவர் எவர் என்று அந்த இளைஞர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை எதுவும் அவருக்கு நேரவில்லை.